அவர் நல்லாப் பேசினவர்

எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அந்த அக்கா முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "இது நனைஞ்சால்?"

அரிசி மூட்டையைப் பார்த்து அப்படிக் கேட்டார். போர்வையைப் பார்த்துக் கேட்டார். ஒருமுறை எங்கள் அமைப்புக்கு உதவும் பெரிய மனிதர் ஒருவர் நேரில் வந்து வீட்டுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். எதற்குக் கடிகாரம் என்று எனக்கும் தெரியாது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். பெரிய மனிதர் சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார். மொழிபெயர்க்க வேண்டியவள் நான். "ரொம்ப நன்றின்னு சொல்றாங்க" என்று மலாயில் சொல்லிவிட்டேன்.

உண்மையில் அக்கா நன்றி சொன்னதே இல்லை. இது எனக்கு வெகுநாள் உறுத்தலாக இருந்தது. வெயிலில் லோரியிலிருந்து சாமான் இறக்கி, வியர்த்து ஒழுகி, சேற்றில் செருப்பு அறுந்து போய் நிற்பேன். ஒரு சிரிப்பாவது சிரிக்கலாம் அல்லவா? சிரிக்க மாட்டார். மூட்டையின் தையலை விரலால் தடவிப் பார்ப்பார். "பிளாஸ்டிக் வாளி இருந்தால் தாங்கோ. மூடியோட. அரிசி குறைச்சாலும் பரவாயில்லை" என்பார். வாங்குகிறவர் இப்படியெல்லாம் கேட்கலாமா என்று எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தை இப்போது எழுதும்போது முகம் சுடுகிறது.

நான் லாபிஸில் பிறந்தவள். தோட்டத்து வீடு, தமிழ்ப்பள்ளி, பேச்சுப்போட்டியில் மூன்று கோப்பை. பிறகு ஜொகூர் பாருவில் ஒரு தளவாடக் கிடங்கில் வேலை, அது போரடித்து ஒரு சின்ன உதவி அமைப்பில் வேலை. அங்கே என்னை எடுத்ததற்கு ஒரே காரணம் என் தமிழ். உலு திராம் பக்கம் இலங்கைத் தமிழ் அகதிகள் சில குடும்பங்கள் இருக்கிறார்கள், அவர்களோடு பேச ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். பேசத்தானே, இதுகூடவா எனக்குத் தெரியாது என்று போய்ச் சேர்ந்தேன்.

தொழிற்சாலைகளைத் தாண்டி உள்ளே போனால், செம்பனைத் தோட்டம் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு தாழ்வான சந்து. ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள். நான்கில் இலங்கைக்காரர்கள், இரண்டில் ரொஹிங்கியா குடும்பங்கள். எல்லாருக்கும் ஒரே வீட்டுக்காரர். மழை வலுத்தால் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் பாலாய் ராயாவுக்குப் போய்விடுவார்கள். அது ஊர் மண்டபம், பாய் கிடைக்கும், சோறு கிடைக்கும். இந்தச் சந்துக்காரர்கள் மட்டும் போக மாட்டார்கள். அங்கே யாராவது ஐசி, அதாவது அடையாள அட்டை, கேட்டுவிட்டால் காட்ட என்ன இருக்கிறது என்ற பயம். கையில் இருக்கும் அகதி அட்டையை நம்பி அவ்வளவு தூரம் போக அவர்களுக்குத் தைரியம் இல்லை. மேசைமேல் ஏறி உட்கார்ந்து, தண்ணீர் வடியும்வரை காத்திருப்பார்கள்.

அக்கா வீடு நான்காவது. ஐம்பதை நெருங்கும் வயது, ஒடிசலான உடம்பு, காலில் எப்போதும் ஆண்கள் போடும் கறுப்பு ரப்பர் பூட்ஸ். ஓர் உணவுக்கடையின் பின்கட்டில் சட்டி கழுவும் வேலை. கணவர் இல்லை. பதினைந்து வயதில் ஒரு மகள். பெரிய சாலையில் ஒரு கடைக்கு மேல்மாடியில் அகதிப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும், மகள் அங்கே நடந்தே போய்ப் படித்தாள். அந்த வகுப்புக்கு நடக்கிற தூரத்தில் இருக்கிறது என்பதற்காகவே இந்தப் பள்ளத்து வீட்டை எடுத்ததாக அக்கா சொல்லியிருக்கிறார்.

அவர் வீட்டுக்குள் முதல்முறை நுழைந்தபோது தலையில் ஏதோ இடித்தது. அண்ணாந்து பார்த்தால் ஒரு சூட்கேஸ் தொங்குகிறது. பள்ளிப் பை, வெங்காயக் கூடை, செருப்பு ஜோடிகள் எல்லாமே கூரைக் கட்டையிலிருந்து கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. தரையில் இருந்தவை ஒரு மேசையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும்தான். அட்டைகளும் பிறப்புப் பத்திரங்களும் ஒரு பெரிய ஊறுகாய் ஜாடிக்குள். மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றியிருந்தார். ஆறு வீட்டுக் காகிதமும் அந்த ஒரு ஜாடியில்தான் இருந்தது.

"ஏன்கா, எல்லாத்தையும் இப்பிடித் தொங்கவிட்டா அவசரத்துக்கு எடுக்கிறது எப்படி?"

"அவசரம் எண்டால் அது கீழ இருந்து தான் வரும், பிள்ளை. மேல இருந்து எடுக்க நேரம் இருக்கும்."

தண்ணீரைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. நாங்கள் படித்தவர்கள், வரைபடம் வைத்திருந்தோம். அதில் ஆற்றை நீலத்தில் வரைந்து, வெள்ளம் வரும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தோம். அக்கா அந்தத் தாளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆத்தைப் பாக்காதேங்கோ. பின்னுக்கு லோங்காங்கைப் பாருங்கோ" என்றார். வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையைச் சொன்னார். மேட்டில் புதிதாகக் கொட்டிய மண் அதில் இறங்கி அடைத்திருக்கிறதாம். ஆறு பொங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கிருந்து தண்ணீர் ஏறிவிடுமாம். கதவு நிலையில் பென்சில் கோடுகள் போட்டு வைத்திருந்தார். முன்பெல்லாம் ஆண்டுக் கடைசியில்தான் வெள்ளம். இப்போது எந்த மாதம் கொட்டும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கோடுகள் ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் மேலே இருந்தன.

அவர் வாயில் அடிக்கடி வரும் இன்னொரு சொல் "வடிவா". முதல் தடவை விவரம் எடுக்க உட்கார்ந்தபோது, "வடிவா எழுதுங்கோ" என்றார். எங்கள் தமிழில் வடிவு என்றால் அழகு. என் கையெழுத்து கோழிக் கிறுக்கல் என்று நினைத்துவிட்டார் போல என்று, நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாக அழகுபடுத்தி எழுதினேன். அரைமணி வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பிறகு மகள்தான் சொன்னாள், "வடிவா எண்டால் சரியா, முழுசா எண்டு அர்த்தம், மிஸ்."

அடுத்த வாரம் இன்னொன்று. நான் அவசரப்படுவதைப் பார்த்து, "ஆறுதலா இருந்து எழுதுங்கோ" என்றார். ஆறுதல் என்றதும் எனக்கு மனசு உருகிவிட்டது. பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டாரோ, ஆறுதல் கேட்கிறார் என்று எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "மெதுவா எழுதுங்கோ எண்டனான்" என்றார். அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தது. பல்லில் ஒன்று இல்லை. நல்ல சிரிப்பு.

இந்த இரண்டு கதையையும் அலுவலகத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அக்கா மாதிரியே பேசிக் காட்டுவேன். "ஓம்", "ஏலாது", "இது நனைஞ்சால்?" தமிழ் தெரியாதவர்கள்கூட அந்த ராகத்துக்கே சிரிப்பார்கள். தேத்தண்ணி நேரத்தில் நான் ஒரு நாடகக்காரி. இரண்டு முறை தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோமே, மூன்றாவது முறை ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. எனக்கு அதெல்லாம் அவருடைய தமிழில் இருந்த கோளாறு.

பஞ்சு மெத்தைகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு இரண்டு மெத்தை கொடுத்தோம். வழக்கமான கேள்வியை அவர் கேட்டார். "காய வச்சுக்கலாம் லா, அக்கா" என்று நான் கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னேன். இரண்டு மாதத்தில் வெள்ளம் வந்தது. போய்ப் பார்த்தால் பன்னிரண்டு மெத்தைகளும் சந்தில் கிடந்தன. தண்ணீர் குடித்து, ஊதி, நாறிக்கொண்டு. நான் அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ மெத்தையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் பிடியுங்கோ, பிள்ளை" என்றார். இருவரும் சேர்ந்து பன்னிரண்டையும் குப்பைமேட்டுக்கு இழுத்துப் போட்டோம்.

அந்த மெத்தைகளுக்குப் பிறகுதான் எங்கள் தலைவிக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாரும் அவரை மேடம் என்போம். நல்ல மனுஷி, ஆனால் தமிழ் ஒரு சொல் தெரியாது. வெள்ளம் வந்தபின் சாமான் கொடுப்பது, அடுத்த வெள்ளத்தில் அது போவது, மறுபடி கொடுப்பது, இப்படியே எத்தனை நாளைக்கு? கொடுக்கிற உதவியிலேயே அடுத்த வெள்ளத்துக்கும் ஏற்பாடு செய்துவிடலாம் என்றார். வீட்டுக்கு வீடு ஆள் ஏறி உட்காரும்படி பலமான பரண். பிளக் பாயிண்டுகளைக் கழற்றி மேலே மாற்றுவது. பின்பக்கச் சாக்கடையில் மண் இறங்காமல் ஒரு தடுப்பு. இந்த விவரங்களையெல்லாம் நான் கண்டுபிடித்ததாகக் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்கள். அக்கா சொன்னவற்றைத்தான் நான் மலாயில் எழுதிக் கொடுத்திருந்தேன். இல்லை என்று மறுக்கவில்லை.

சுவரில் துளை போட வேண்டும் என்றால் வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. வீட்டுக்காரர் நான் போன் போட்டால் எடுப்பதில்லை. நேரில் போயிருக்க வேண்டும். அவர் வீடு உலு திராம் டவுனில்தான், சந்திலிருந்து காரில் பத்து நிமிஷம். நான் அக்காவிடம், "நீங்க ஒரு வார்த்த கேட்டு வைங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். அவர் மகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறார்.

மறுநாள் போன் செய்தேன். தெப்ராவ் ரோட்டு ஜாமில் நின்றுகொண்டிருந்தேன்.

"வீட்டுக்காரர்கிட்ட கேட்டீங்களாக்கா?"

"ஓம், கேட்டனான். அவர் பேசினவர்."

"பேசுனாரா? நல்லாப் பேசுனாரா?"

"ஓம், நல்லாப் பேசினவர்." குரல் சுரத்தில்லாமல் இருந்தது. "வடிவாக் கேளுங்கோ, பிள்ளை. அவர் என்ன சொன்னவர் எண்டால்..."

பின்னால் இருந்த கார்க்காரன் ஹாரன் அடித்தான். "லைன் சரியில்லக்கா, அப்புறம் போடுறேன்" என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. திரும்பப் போடவும் இல்லை. அன்று மாலையே படிவத்தில் அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன். வீட்டுக்காரரோடு பேசியாயிற்று, சம்மதம், என்று பக்கத்தில் எழுதினேன்.

பலகை ஏற்றிய லோரியும் இரண்டு தச்சர்களும் வந்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா வாசலில் குறுக்கே கை வைத்து நின்றார். "வீட்டுக்காரர் பேசினவர் எல்லோ, பிள்ளை?"

"அதெல்லாம் பேசியாச்சு லா, அக்கா. கவலப்படாதீங்க."

லோரியிலிருந்த பலகையை ஒரு தரம் பார்த்தார். பிறகு கையை எடுத்து வழிவிட்டார்.

அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. தச்சர்கள் தோள் உயரத்தில் பரண் போட வந்தார்கள். அவர் பென்சில் கோட்டைக் காட்டி, தன் தலைக்கு மேல் ஒரு முழம் அளந்து, "இஞ்ச" என்றார். ஆணி வேண்டாம், போல்ட் போடச் சொன்னார். அடுத்த வீட்டு ரொஹிங்கியாப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு அவள் மொழி தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது பத்து இருபது மலாய்ச் சொற்கள். "ஆயர் நாயிக், பாராங் நாயிக்" என்று கையை உயர்த்திக் காட்டினார். தண்ணீர் ஏறினால் சாமானும் ஏறணும். அந்தப் பெண் தன் குழந்தையைத் தூக்கிப் பரணில் உட்கார வைத்துச் சிரித்தாள். இரண்டு ஞாயிறுகளில் ஆறு வீட்டிலும் வேலை முடிந்தது.

யாரும் எதிர்பார்க்காத மாதத்தில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. போட்ட தடுப்பையும் தாண்டி, அக்கா சொன்னபடியே சாக்கடைப் பக்கத்திலிருந்துதான் வந்தது. ஆறு குடும்பங்களும் பரணில் ஏறிக்கொண்டன. அரிசி நனையவில்லை, அடுப்பு நனையவில்லை, காகிதம் நனையவில்லை, யாருக்கும் கரண்ட் அடிக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் போனேன். மகள் பரணில் குப்புறப் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா கதவு நிலையில் புதிய கோடு கிழித்துக்கொண்டிருந்தார். நான் படம் எடுத்தேன். அந்தப் படம் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் பெரிய திரையில் காட்டப்பட்டது. உதவியும் தற்காப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் என்றார் மேடம். கை தட்டினார்கள். நானும் எழுந்து நின்று தலை வணங்கினேன்.

அந்த வாரமே வீட்டுக்காரர் சேதம் பார்க்க வந்திருக்கிறார். சுவரெல்லாம் துளை, பிளக் பாயிண்டெல்லாம் இடம் மாறியிருக்கிறது. படம் காட்டிய விஷயமும் அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. அன்று மாலை அவரே என்னைக் கூப்பிட்டார். நான் போட்டபோதெல்லாம் எடுக்காத மனிதர். மலாயில் கத்தினார்.

"அந்த அம்மா வந்து கேட்டபோதே முடியாது என்று சொன்னேன்! ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று தெருவே கேட்கும்படி திட்டி அனுப்பினேன்! இப்போது படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டுகிறீர்களா? நாளைக்கு அகதிகளை வைத்திருக்கிறேன் என்று விசாரணை வந்தால் மாட்டுவது நான்தானே? வாரக் கடைசிக்குள் ஆறு வீடும் காலியாக வேண்டும்."

திட்டி அனுப்பினேன் என்ற இடத்திலேயே என் காது நின்றுவிட்டது. போனை வைத்துவிட்டு, ஜொகூர் பாருவில் வக்கீலாக இருக்கும் என் தோழியைக் கூப்பிட்டேன். அவள் பூர்வீகம் யாழ்ப்பாணம், வீட்டில் இன்னும் அந்தத் தமிழ்தான். சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"ஏய், 'அவர் என்னைப் பேசினவர்'னா உங்க வீட்டுல என்ன அர்த்தம்?"

"ஏசுனாருன்னு அர்த்தம். திட்டுறது. சாதாரணமாப் பேசுறதுன்னா கதைக்கிறதுன்னு சொல்வோம். ஏன் கேக்குற?"

"ஒன்னுல்ல" என்றேன்.

நல்லாப் பேசினவர். நன்றாகத் திட்டினார். அக்கா எனக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் "பேசியாச்சு லா" என்றபோது, எங்கள் தமிழில் அதற்கு என்ன பொருள் என்றும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் அலுவலகமே வீட்டுக்காரரிடம் பேசிச் சரிக்கட்டிவிட்டது என்று நம்பித்தான் கையை எடுத்திருக்கிறார். இந்த நாட்டுக்கு வந்து அவர் என் தமிழைக் கற்றுக்கொண்டார். நான் அவர் தமிழை வைத்துத் தேத்தண்ணி நேரத்தில் வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை வீட்டுக்காரர் வீட்டு முன்வராண்டாவில் உட்கார்ந்தோம். அவர், மேடம், அக்கா, நான். அக்கா பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தார். பாதம் வெளுத்து ஊறிப்போய் இருந்தது. காரில் வரும்போது நான் ஒத்திகை பார்த்தபடியே வந்தேன். என் தப்பு, நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேன். மலாயில் நாலே சொல். கஷ்டமில்லை.

மேடம் படிவத்தை விரித்து வைத்து என்னிடம் கேட்டார். "இதில் சம்மதம் என்று போட்டிருக்கிறது. சம்மதம் கிடைத்தது என்று நமக்குச் சொன்னது யார்?"

வாயைத் திறந்தேன். தமிழுக்காக எடுத்த ஆளுக்குத் தமிழ் புரியவில்லை என்பதை எப்படிச் சொல்வது? வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொன்னால்கூடக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். அதுவும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்றுதான் பயந்தேன்.

"டியா யாங் சக்காப்" என்றேன். அவர்தான் சொன்னார்.

விரலை நீட்டவில்லை. நீட்டத் தேவையும் இல்லை, அந்த வராண்டாவில் அக்காவைத் தவிர வேறு யாரைச் சொல்ல முடியும்? அந்த அளவு மலாய் அக்காவுக்குத் தெரியும். என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் உடைந்து உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. கோபம் இல்லை. ஒரு மூட்டையின் தையலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஓம்" என்றார் தமிழில். "நான்தான் பிழையாச் சொன்னனான். அவைக்குச் சொல்லுங்கோ."

நான் படிவத்தின் மூலையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்கோ, பிள்ளை. மற்ற அஞ்சு வீட்டுக்கும் இதில ஒரு சம்பந்தமும் இல்லை. பிழை விட்டது நான். நான் வெளிக்கிடுறன். மற்றவையை இருக்க விடச் சொல்லிக் கேளுங்கோ."

சொல்லுக்குச் சொல் பிசகாமல் மலாயில் சொன்னேன். என் வேலையில் நான் செய்த மிகச் சரியான மொழிபெயர்ப்பு அதுதான். வீட்டுக்காரர் மனதில் கணக்குப் போட்டார். பரணால் வீட்டுக்கு நல்லது என்று அவருக்கும் தெரிந்திருந்தது, யார்மேலாவது கோபத்தைத் தீர்த்தால் போதும் என்றும் இருந்தது. கடைசியில் சரி என்றார். ஐந்து வீடு இருக்கலாம், படம் கிடம் கூடாது, இந்த அம்மா மட்டும் போக வேண்டும். மேடம் அலுவலகத்துக்குத் திரும்பும் வழியில், "பாவம், பயத்தில் பொய் சொல்லியிருப்பார்" என்றார். நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அக்காவும் மகளும் லாபிஸ் பக்கம் போனார்கள். என் சொந்த ஊர். ரயில் பாதைக்கு அருகே ஒருவருடைய செம்பனைத் தோட்டத்தில், உரமூட்டை அடுக்கி வைத்திருந்த கொட்டகையில் ஒரு தடுப்புக்குள் இருந்தார்கள். நாலு மாதம் கழித்து ஒரு முறை போனேன். பிஸ்கட், பால்மாவு, மூடியோடு இரண்டு பிளாஸ்டிக் வாளி. மகள் வீட்டில் இல்லை.

"தங்கச்சி எங்கக்கா? வகுப்புக்கா?"

"இஞ்ச எங்க வகுப்பு? பழம் பொறுக்கப் போயிட்டாள். உதிர்ந்த பழம். படிப்பைப் பேந்து பாப்பம்."

கொட்டகைக் கூரையிலிருந்து சூட்கேஸும் பள்ளிப் பையும் தொங்கின. பையின்மேல் தூசி படிந்திருந்தது. நான் போனது மன்னிப்புக் கேட்க. இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்ததே அதற்குத்தான்.

"அக்கா, அன்னைக்கு நான்..."

"அந்த அஞ்சு வீட்டுக்கும் இப்ப ஆர் போறது?" என்று கேட்டார்.

"நான்தான் போறேன்கா."

"உங்களை வேலையால நிப்பாட்டேல்லைத்தானே?"

"இல்லக்கா."

"அப்ப சரி" என்றார். "அவைக்குத் தமிழ் தெரிஞ்ச ஒரு ஆள் வேணும். அடுத்த மழைக்கு முதல் அந்த லோங்காங்கைத் துப்பரவாக்கச் சொல்லுங்கோ. வடிவாச் சொல்லுங்கோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எனக்காகப் பழியை ஏற்கவில்லை. என்னால் அந்த ஐந்து வீட்டுக்கு ஏதோ கொஞ்சம் பிரயோசனம் இருக்கிறது, அதை நனையவிடக் கூடாது என்று என்னையும் எடுத்து மேலே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தேத்தண்ணி போட்டுத் தந்தார். குடித்துவிட்டு வந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அலுவலகத்தில் உண்மையைச் சொல்லவும் இல்லை. சொன்னால் அந்த வகுப்புப் பக்கத்திலேயே அவர்களுக்கு வேறு வீடு தேடித் தரச் சொல்லி மேடத்திடம் சண்டை போட்டிருக்கலாம். தவறு நம்முடையது என்று தெரிந்தால் அவர் செய்திருப்பார். நான் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். மறுபடி லாபிஸ் போனபோது கொட்டகையில் வேறு யாரோ இருந்தார்கள். எங்கே போனார்கள் என்று தோட்டத்துக்காரருக்கும் தெரியவில்லை.

எங்கள் திட்டம் இப்போது நாலைந்து இடங்களில் நடக்கிறது. பரண் உயரம் தலைக்கு மேல் ஒரு முழம், ஆணி கூடாது, போல்ட்தான். வழிகாட்டிக் கையேட்டில் அதெல்லாம் இருக்கிறது. அதிலேயே ஒரு பக்கத்தில் கட்டம் கட்டி ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. குடியிருப்பவர் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது, முன்பு ஒரு பெண் தவறான தகவல் தந்ததால் குடும்பங்கள் வீட்டை இழக்கும் நிலை வந்தது. மேடம் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவள் நான்தான்.

புதிய தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் நான்தான். போன மாதம் கையேட்டில் அந்த எச்சரிக்கைப் பக்கத்துக்கு வந்தபோது, தங்காக்கிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர் கையைத் தூக்கினார்.

"ஏன் மிஸ், அந்தம்மா எதுக்கு அப்பிடிப் பொய் சொன்னாங்க?"

பதினோரு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியல லா" என்றேன். அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னேன்.